சிறிய பட்டறைக்கு ஆள் கிடைக்கவும் கிடைத்தவர் நிலைக்கவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையில் 14 பேர் வேலை செய்யும் லேத் பட்டறை ஒன்றை நடத்துகிறேன். பம்பு, மோட்டார் கம்பெனிகளுக்கு ஷாஃப்ட், புஷ், ஃபிளேஞ்ச் போன்ற உதிரிபாகங்களை ஜாப் ஆர்டராகக் கடைந்து கொடுக்கிறோம். ஆவாரம்பாளையம், கணபதி, சின்னவேடம்பட்டி, குறிச்சி சிட்கோ என்று எங்களைப் போன்ற பட்டறைகள் ஊரெங்கும் இருக்கின்றன. எந்தப் பட்டறை வாசலில் நின்றாலும் காதில் விழும் முதல் பேச்சு, “ஆள் இல்லை” என்பதுதான். சக பட்டறைக்காரர்களும் புதிதாகத் தொழில் தொடங்கும் தம்பிகளும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கு, நான் பட்டுத் தெரிந்துகொண்டதைப் பதிலாக எழுதியிருக்கிறேன்.

பெரிய கம்பெனி கொடுக்கும் சம்பளம் எனக்குக் கட்டுப்படியாகாது. பிறகு ஒருவர் எதற்காக என்னிடம் வர வேண்டும்?

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்வோம். பக்கத்துப் பட்டறையைவிட மூவாயிரம், நாலாயிரம் குறைவாகக் கொடுத்துவிட்டு, “நாங்கள் குடும்பம் போலப் பழகுகிறோம்” என்று சொன்னால் யாரும் நிற்க மாட்டார்கள், நிற்கவும் வேண்டியதில்லை. அந்தப் பகுதியில் ஓர் ஆபரேட்டருக்கு என்ன சம்பளம் நடக்கிறதோ அதைக் கொடுத்தாக வேண்டும். அது முடியாவிட்டால், கடைந்து கொடுக்கும் விலையை நாம் தப்பாகப் போட்டிருக்கிறோம் என்று பொருள்.

அதற்கு மேல் பெரிய கம்பெனியோடு நாம் போட்டி போட முடியாதுதான். ஆனால் என்னை விட்டுப் போன ஒவ்வொருவரிடமும், கணக்கு முடித்து ஒரு மாதம் கழித்து, ஏன் போனாய் என்று கேட்டிருக்கிறேன். போகும் நாளில் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். ஒரு மாதம் கழித்துச் சொல்வார்கள். பலர் சொன்ன காரணம் தொகை அல்ல. சம்பளம் எந்தத் தேதியில் வரும் என்று தெரியவில்லை, ஆறு மணிக்கு விடுவார்களா எட்டு மணிக்கா என்று தெரியவில்லை, அடுத்த வருடம் என்ன ஆவேன் என்று தெரியவில்லை. இந்த மூன்று “தெரியவில்லை”களையும் தீர்ப்பது பெரும்பாலும் நம் கையில்தான் இருக்கிறது.

கம்பெனியிலிருந்து பணம் வந்தால்தானே நான் சம்பளம் போட முடியும்?

இதைத்தான் நானும் பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். தொழில் தொடங்கிய மூன்றாம் வருடம், நான் நம்பியிருந்த ஒரு கம்பெனி நான்கு மாதப் பில்லை நிறுத்திவைத்தது. அந்த மாதம் 18-ஆம் தேதி சம்பளம் போட்டேன். அடுத்த மாதம் 22-ஆம் தேதி. மூன்று பேர் போய்விட்டார்கள். அவர்களில் ஒருவர் என் முதல் செட்டர், அதாவது ஒவ்வொரு வேலைக்கும் மெஷினைத் தயார்செய்து கொடுப்பவர். போகும்போது அவர் சொன்னது இன்றும் மனதில் இருக்கிறது: “வாடகை 5-ஆம் தேதி அண்ணா. உங்கள் பில் பாஸ் ஆகும்வரை வீட்டுக்காரர் காத்திருப்பாரா?”

அதன் பிறகு சம்பளத்துக்கென்றே தனி வங்கிக் கணக்கு தொடங்கினேன். எந்தப் பில் பணம் வந்தாலும், மூலப்பொருள் கடனுக்கோ இன்செர்ட் (மெஷினில் மாட்டும் வெட்டுமுனை) கடைக்கோ போவதற்கு முன் ஒரு பங்கு அந்தக் கணக்குக்குப் போய்விடும். ஒன்றரை மாதச் சம்பளம் அதில் சேர 14 மாதங்கள் ஆயின. அந்தக் காலத்தில் வாங்க நினைத்த ஒரு மெஷினைத் தள்ளிப்போட்டேன். எனக்கு அது வருத்தம்தான். ஆனால் அன்றிலிருந்து 5-ஆம் தேதி தவறியதில்லை; 5-ஆம் தேதி ஞாயிறு என்றால் சனிக்கிழமையே போட்டுவிடுகிறோம்.

பணம் வராததற்குச் சட்டத்தில் வழி இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உத்யம் என்ற அரசுத் தளத்தில் பதிவு செய்த குறு, சிறு நிறுவனங்களுக்கு, 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி, எழுத்தில் எப்படி ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டியைப் போல் மூன்று மடங்கு, அதுவும் கூட்டு வட்டி. இதற்கென உள்ள அரசின் இணையதளத்தில் புகார் பதியலாம். 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த வருமானவரித் திருத்தத்தால், குறித்த காலம் தாண்டி, மார்ச் முடிந்தும் நமக்குப் பணம் தராத கம்பெனி அந்தத் தொகையை அந்த ஆண்டின் செலவாகக் காட்ட முடியாது. நம்மில் பலர் ஆர்டர் போய்விடும் என்ற பயத்தில் புகார் கொடுப்பதில்லை, நானும் கொடுத்ததில்லை. ஆனால் பில்லின் அடியில் உத்யம் எண்ணையும் 45 நாள் கெடுவையும் அச்சிட்டுக் கொடுக்கத் தொடங்கியதும், அவர்களுடைய கணக்குப் பிரிவிலிருந்து பதில் வரும் வேகமே மாறியது. மார்ச் மாதத்தில் அவர்களே கூப்பிட்டுப் பேசுகிறார்கள்.

நல்ல ஆளை எங்கே தேடுவது?

வாசலில் “ஆட்கள் தேவை” என்று பலகை தொங்கவிட்டால் வருபவர்கள் வேலை தேடி வருகிறவர்கள். நமக்கு வேண்டியவர் பெரும்பாலும் வேறெங்கோ வேலையில் இருக்கிறார். அவரைத் தெரிந்தவர் நம் பட்டறையிலேயே இருப்பார். என்னிடம் இப்போது இருக்கும் 14 பேரில் 6 பேர், ஏற்கெனவே இருந்தவர்கள் அழைத்துவந்தவர்கள். அழைத்துவந்தவருக்கு, புதியவர் ஆறு மாதம் தாண்டியதும் ஒரு தொகை கொடுக்கிறேன். தன் பெயர் கெடக் கூடாது என்பதற்காகவே, வந்த பிள்ளையை அவர் பக்கத்தில் வைத்துப் பழக்குகிறார்.

அடுத்த வழி ஐ.டி.ஐ. டர்னர், ஃபிட்டர், மெஷினிஸ்ட் எல்லாம் இரண்டு வருடப் படிப்பு. முதல்வரைப் பார்த்துக் கடிதம் கொடுப்பதோடு நிற்காமல், பட்டறை வகுப்பு எடுக்கும் ஆசிரியரைப் பாருங்கள். எந்தப் பையன் மணி அடித்த பிறகும் லேத்தை விட்டு நகர மாட்டான் என்று அவருக்குத்தான் தெரியும். அரசின் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்களுக்கும் போகலாம். அங்கே பெரிய கம்பெனிப் பலகைகளுக்கு நடுவே நம் மேசை ஆள் வராமல் தனித்து நிற்கும் என்பதை எதிர்பார்த்தே போக வேண்டும்.

தொழில் பழகுநர் திட்டம் 30 பேரும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்களுக்குக் கட்டாயம். 4 பேர் இருந்தாலே நாமாக விரும்பிச் சேரலாம். தேசியப் பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தின் கீழ் உதவித்தொகையில் கால் பங்கை, மாதம் 1,500 ரூபாய் வரை, அரசு நேராகப் பழகுநரின் வங்கிக் கணக்கில் போடுகிறது. ஒரு வருடம் பார்த்துப் பழகி, இருவருக்கும் ஒத்துவந்தால் வேலை. இதைவிட நல்ல நேர்முகத் தேர்வு கிடையாது.

சான்றிதழைப் பார்ப்பதா, அனுபவத்தைப் பார்ப்பதா?

கையைப் பாருங்கள். நான் ஒரு பீஸையும் வெர்னியரையும் மைக்ரோமீட்டரையும் மேசைமேல் வைத்து, விட்டம் சொல்லச் சொல்வேன். அளக்கும் முன் பீஸையும் மைக்ரோமீட்டரின் முகத்தையும் துடைக்கிறாரா, சுழியம் சரிபார்க்கிறாரா என்று கவனிப்பேன். துடைத்தவரை எடுத்து நான் ஏமாந்ததில்லை. பிறகு ஒரு நாள் வேலை பார்க்கச் சொல்வேன். அந்த ஒரு நாளுக்குக் கூலி உண்டு. பார்த்துவிட்டு அனுப்பிவிடலாம் என்று இலவசமாக வேலை வாங்குகிற பழக்கம் நம்மிடையே இருக்கிறது. ஒரு மனிதரோடு தொடங்கும் உறவை அநியாயத்தில் தொடங்கக் கூடாது.

சேர்ந்த அன்றே பணி நியமனக் கடிதம் கொடுங்கள். 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. சம்பளம், வேலை நேரம், விடுமுறை, சம்பளத் தேதி நான்கும் ஒரு பக்கத்தில் தெளிவான தமிழில் இருந்தால் போதும்.

பெண்களை வேலைக்கு எடுக்கலாமா?

எடுத்துப் பாருங்கள். சி.என்.சி. டர்னிங்கில் (கணினி வழி இயங்கும் லேத்தில்) என்னிடம் நான்கு பெண்கள் வேலை செய்கிறார்கள்; ரிஜெக்ஷன் குறைந்த மெஷின்கள் அவர்களுடையவை. வேண்டியது மூன்றே விஷயம்: தாழ்ப்பாள் போடக்கூடிய, தண்ணீர் வரும், சுத்தமான கழிப்பறை, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வரக்கூடிய நேரம், பேச்சில் மரியாதை. 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லாததால், சுற்றுவட்டார ஊர்களிலிருந்தும் வருகிறார்கள். எங்கள் முதல் ஷிப்டை ஒன்பதரைக்கு மாற்றியது அவர்களுடைய பஸ் நேரத்தைப் பார்த்துத்தான். கழிப்பறை கட்ட ஆன செலவு ஒரு மெஷினின் டூல் செலவைவிடக் குறைவு.

வட மாநிலத் தொழிலாளர்கள் நிலைப்பார்களா?

நம் பிள்ளைகள் நிலைப்பது எதனாலோ அவர்களும் அதனால்தான் நிலைப்பார்கள். ஊர் தொலைவில் இருப்பதால் இரண்டு விஷயங்களில் கூடுதல் கவனம் வேண்டும்.

ஒன்று, லீவு. பீகார்க்காரருக்குத் தீபாவளியைவிடச் சத் பூஜை பெரிது. அது தீபாவளிக்கு ஆறாம் நாள் வருகிறது. தீபாவளிக்கு நான்கு நாள் லீவு கொடுத்து, “உடனே வந்துவிடு” என்றால் அவர் வர மாட்டார், வர முடியாது. போக இரண்டு நாள், வர இரண்டு நாள் ரயிலிலேயே போய்விடும். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. ஆகவே யார் எந்தத் தேதியில் போகிறார், எப்போது திரும்புகிறார் என்பதை அதற்கு முன்பே முடிவு செய்து, டிக்கெட்டும் எடுத்துக் கொடுத்துவிடுகிறேன். திரும்பும் டிக்கெட் கையில் உள்ளவர் திரும்பி வருகிறார். எங்கள் ஊர்க்காரர்கள் பொங்கலுக்கு லீவு எடுக்கும்போது அவர்கள் மெஷினைப் பார்த்துக்கொள்கிறார்கள்.

இரண்டு, பயம். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வட மாநிலத்தவர் தாக்கப்படுவதாகப் பொய்யான வீடியோக்கள் பரவின. என்னிடம் இருந்த இரண்டு பேரும் அன்று இரவே கிளம்பத் துணி கட்டி வைத்திருந்தார்கள். அவர்கள் அறையில் போய் உட்கார்ந்து, வீடியோ அழைப்பில் அவர்களுடைய அம்மாவிடம் பேசினேன். எனக்கு அரைகுறை இந்திதான். என் மனைவி பக்கத்தில் நின்று கையசைத்தது அந்த அம்மாவுக்குப் புரிந்தது. இருவரும் இன்னும் இங்கேதான் இருக்கிறார்கள். ஒருவர் இப்போது செட்டர்.

தொழிலைக் கற்றுக்கொடுத்ததும் பெரிய கம்பெனிக்குப் போய்விடுகிறார்கள். பாண்ட் எழுதி வாங்கலாமா? சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளலாமா?

அசல் சான்றிதழை வாங்கி வைப்பது தவறு, அதைச் செய்யாதீர்கள். விலகிய பிறகு இன்ன இடத்தில் வேலைக்குச் சேரக் கூடாது என்ற நிபந்தனை, 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி செல்லாது. இவற்றைவிட முக்கியமானது வேறு: மனமில்லாமல் நிற்கிற ஒருவர் 20 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குக்கு மேல் அளவு பிசகக் கூடாத வேலையைக் கவனமாகச் செய்வார் என்று எதிர்பார்க்கவே முடியாது.

ஒரு பையன் ஏன் போகிறான் என்று பாருங்கள். ஹெல்பராக வந்தான், பீஸைச் சக்கில் மாட்டிப் பட்டனை அழுத்தப் பழகினான். இரண்டு வருடமாக அதையேதான் செய்கிறான். அதையே செய்யப் பெரிய கம்பெனி கூடுதல் சம்பளமும் கேன்டீனும் பஸ்ஸும் தருகிறது என்றால், போவதுதான் அவனுக்கு நல்லது. நான் அவன் அண்ணனாக இருந்தால் போகச் சொல்லியிருப்பேன்.

ஆனால் பெரிய கம்பெனியில் அவனுக்குக் கிடைக்காத ஒன்று நம்மிடம் இருக்கிறது. அங்கே ஒருவர் ஒரே பீஸை மூன்று வருடம் ஓட்டுவார். செட்டிங் போட வேறு ஆள், புரோகிராம் எழுத வேறு ஆள். நம் பட்டறையில் வாரத்துக்கு மூன்று டிராயிங் மாறும். அந்த மாற்றத்தை நாம் தொல்லையாக நினைக்கிறோம். கற்றுக்கொள்கிறவனுக்கு அது பொன்னான வாய்ப்பு. நாம் கற்றுக்கொடுத்தால் மட்டும்.

என் பட்டறைச் சுவரில் ஒரு பலகை இருக்கிறது. ஹெல்பர், ஆபரேட்டர், செட்டர், புரோகிராமர் என்று நான்கு படிகள். ஒவ்வொரு படிக்கும் என்ன செய்து காட்ட வேண்டும், சம்பளம் எவ்வளவு என்று எழுதியிருக்கிறது. ஆபரேட்டராக வேண்டுமா? டிராயிங் படித்து, இன்செர்ட் தேய்ந்ததைத் தானே கண்டுபிடித்து மாற்றி, அதற்கேற்ற அளவுத் திருத்தம் (ஆஃப்செட்) கொடுத்து, 50 பீஸ் அளவு தவறாமல் எடுத்துக் காட்டு. காட்டிய மாதமே சம்பளம் மாறும். என்னிடம் வந்து கெஞ்ச வேண்டியதில்லை. நான் நல்ல மனநிலையில் இருக்கிறேனா என்று பார்க்க வேண்டியதில்லை. சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு மேல் ஒரு மெஷினை உற்பத்தியிலிருந்து எடுத்துவிடுவோம். அது பழகுவதற்கான நேரம். மாதத்துக்குப் பல ஆயிரம் ரூபாய் நஷ்டம் என்று என் மைத்துனர் கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு செட்டர் போய், அடுத்தவர் கிடைக்கும்வரை மெஷின் நின்ற கணக்கை நான் போட்டுக் காட்டினேன். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அட்வான்ஸ் கேட்டால் கொடுக்கலாமா?

கொடுக்க வேண்டும். ஜூனில் பள்ளிக் கட்டணம், ஆடியில் ஊர்த் திருவிழா, திடீர் ஆஸ்பத்திரிச் செலவு. நாம் கொடுக்காவிட்டால் கந்துவட்டிக்காரர் கொடுப்பார். வட்டிக்காரர் வாசலில் நிற்கும்போது எந்த மனிதரும் மெஷின்மேல் கவனம் வைக்க முடியாது.

விதி எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும்: ஒரு மாதச் சம்பளம் வரை, வட்டி இல்லாமல், ஐந்து தவணையில் பிடித்தம், நோட்டில் இருவர் கையெழுத்து. முதல் அட்வான்ஸ் முடியாமல் அடுத்தது மருத்துவத்துக்கு மட்டும். அட்வான்ஸைக் கயிறாக நினைக்கும் முதலாளிகள் உண்டு; கடன் இருந்தால் போக மாட்டான் என்று தாராளமாகக் கொடுப்பார்கள். கடனைக் காட்டி ஒருவரை வேலையில் பிடித்துவைப்பது கொத்தடிமை முறை. 1976-லேயே சட்டம் போட்டு ஒழிக்கப்பட்டது. பாக்கியோடு விலகுகிறவரிடம் பேசித் தவணையில் வாங்குங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

ஈ.எஸ்.ஐ. பிடித்தால் கையில் வரும் பணம் குறைகிறது, வேண்டாம் என்று தொழிலாளர்களே சொல்கிறார்கள். என்ன செய்வது?

ஈ.எஸ்.ஐ. என்பது தொழிலாளருக்கான அரசின் மருத்துவக் காப்பீடு. 10 பேர் இருந்தால் அது நம் விருப்பமும் அல்ல, அவர்கள் விருப்பமும் அல்ல. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவருக்கு நாம் 3.25 சதவீதம், அவர் 0.75 சதவீதம். 20,000 ரூபாய் சம்பளம் என்றால் அவரிடம் பிடிப்பது 150 ரூபாய், நாம் கட்டுவது 650. அந்த 150 ரூபாய்க்கு என்ன கிடைக்கிறது என்று யாரும் சொல்லாததால்தான் வேண்டாம் என்கிறார்கள். குடும்பத்துக்கே மருத்துவம், நோயில் படுத்தால் வருடத்தில் 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம், வேலையில் காயம் பட்டால் குணமாகும்வரை 90 சதவீதம். புதிதாகச் சேர்ந்தவரைச் சிங்காநல்லூர் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு ஒருமுறை பழைய ஆளோடு அனுப்பி, அட்டையைக் காட்டி வரிசையில் நின்று பழகிவரச் சொல்கிறேன். அவசரம் வரும்போது வழி தெரிந்திருக்கும்.

பி.எஃப். 20 பேர் இருந்தால் கட்டாயம். அதற்குக் கீழே இருப்பவர்கள் குறைந்தபட்சம் வங்கிவழி விபத்துக் காப்பீடாவது எடுத்துக் கொடுங்கள். பிரதமர் சுரக்ஷா திட்டத்தில் வருடம் 20 ரூபாய்க்கு 2 லட்சம். 10 பேர் இருந்தால் பணிக்கொடையும் உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறோம். கடைசி அடிப்படைச் சம்பளம் 20,800 ரூபாய், சேவை 5 வருடம் என்றால், வருடத்துக்கு 15 நாள் வீதம் 60,000 ரூபாய். இதை ஆளுக்கு ஆள் தனியாக எழுதி, வருடம் ஒருமுறை காட்டுகிறேன்.

பீஸைக் கெடுத்தால் சம்பளத்தில் பிடிக்கலாமா?

வேண்டாம். பிடித்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். கெட்ட பீஸ் நல்ல பீஸ்களுக்கு அடியில் போய்விடும். டப்பாவோடு கம்பெனிக்குப் போகும். அங்கே மாட்டிக்கொண்டு முழு லாட்டும் திரும்பி வரும். ஒரு ஷாஃப்டுக்கான நஷ்டம் 500 ஷாஃப்டுக்கான நஷ்டமாகிவிடும்.

எங்களிடம் சிவப்புத் தட்டு ஒன்று இருக்கிறது. அளவு தவறிய பீஸை அதில் வைத்து, சுண்ணாம்புக்கட்டியால் காரணம் எழுதிவிட்டால் கேள்வி கிடையாது, திட்டு கிடையாது. மறைத்தால்தான் கேள்வி. முதல் மாதம் தட்டு நிரம்பி வழிந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. பிறகு எழுதியிருந்த காரணங்களைப் பார்த்தேன். பாதிக்கு மேல் ஒரே மெஷினில், பீஸைப் பிடிக்கும் தாடை தேய்ந்ததால் வந்தவை. அதை மாற்றச் சொல்லி ஆபரேட்டர் இரண்டு முறை கேட்டிருக்கிறார். செலவு என்று நான்தான் தள்ளிப்போட்டிருக்கிறேன்.

ஓ.டி.யை எப்படி வைத்துக்கொள்வது?

முந்தின நாளே கேளுங்கள், வர மறுத்தால் முகத்தைத் தூக்காதீர்கள், இரட்டைக் கூலி கொடுங்கள். சட்டமும் இரட்டைதான் சொல்கிறது. மாலை ஐந்தே முக்காலுக்கு வந்து, “எட்டு மணிவரை இரு” என்று சொல்வதைப் போல ஒருவரைச் சீக்கிரம் விரட்டுவது வேறில்லை.

மெஷின் ஓடும்போது செல்போன் பார்க்கிறார்கள்.

விபத்து நடக்கும். வைக்கப் பூட்டுள்ள பெட்டி, வீட்டிலிருந்து அவசரத்துக்கு அழைக்கப் பட்டறையின் எண். விதி நமக்கும் சேர்த்துத்தான். நான் மெஷின் பக்கம் போகும்போது போனை மேசையில் வைத்துவிட்டுப் போகிறேன்.

தீபாவளி போனஸ் எவ்வளவு கொடுப்பது?

சட்டப்படி குறைந்தபட்சம் வருடச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம். உச்சம் 20 சதவீதம். நம் ஊரில் பட்டறை எவ்வளவு சிறியதானாலும் போனஸ் இல்லாத தீபாவளி கிடையாது. தொகையை ஆயுத பூஜை அன்று அறிவித்துவிடுங்கள். அன்று எல்லோரும் குடும்பத்தோடு வருவார்கள். மெஷின்களைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை பங்கிடுவோம். அப்பா ஓட்டும் மெஷின் எது என்று குழந்தைகள் கேட்கும் நாள் அது. ஒவ்வொருவரும் தன் மெஷினுக்குத் தானே கற்பூரம் காட்டுகிறார், நான் காட்டுவதில்லை. கடை வீதிக்குப் போகும் முன்பே கையில் எவ்வளவு வரும் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருப்பது, கடைசி நாள் உறையில் கிடைக்கும் ஆயிரம் ரூபாய்க் கூடுதலைவிட அவர்களுக்குப் பெரிது.

எல்லாம் செய்தும் நல்ல ஆள் ஒருவர் போகிறேன் என்கிறார். என்ன செய்வது?

ஒருமுறை காரணம் கேளுங்கள். நம்மால் தீர்க்கக்கூடியது என்றால் தீருங்கள். ஆனால் போகிறேன் என்ற பிறகு மட்டும் சம்பளத்தை ஏற்றிக் கொடுக்காதீர்கள். மற்ற 13 பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். போவது உறுதி என்றால் இரண்டு வேலை நாளுக்குள் முழுக் கணக்கையும் முடியுங்கள், புதிய சட்டத்தின் கெடு அதுதான். அனுபவச் சான்றிதழைக் கேட்கும் முன்பே கொடுங்கள்.

கோவையில் பட்டறை வைத்திருப்பவர்களில் எத்தனையோ பேர் ஒரு காலத்தில் வேறொருவரிடம் லேத் ஓட்டியவர்கள், நானும்தான். என்னிடம் எட்டு வருடம் இருந்த செட்டர் ஒருவர், பழைய ஸ்லாட்டிங் மெஷின் ஒன்றை வாங்கி, இரண்டு தெரு தள்ளித் தனியாகத் தொடங்கினார். அவர் போனபோது நான் இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை. இப்போது பீஸில் பள்ளம் வெட்டும் எங்கள் கீவே வேலை முழுவதும் அவரிடம்தான் போகிறது. அவருடைய பில்லுக்கு 30-ஆம் நாள் பணம் போட்டுவிடுகிறேன். அவரிடம் மூன்று பேர் வேலை செய்கிறார்கள், அவருக்கும் 5-ஆம் தேதி இருக்கிறது.